திரையை ஐயுறுவோர் யாரை ஐயுறுகிறார்கள்?

உண்ண மறுத்து உடல் வற்றும் வளரிளம் பிள்ளைக்கு அதன் வீட்டிலேயே, பெற்றோரின் கையாலேயே, காணொளியில் தோன்றும் சிகிச்சையாளரின் வழிகாட்டலோடு சிகிச்சை அளிக்கலாம் என்று மனநலக் கருத்தரங்கு ஒன்றில் ஒருவர் கூறினால், அவையிலிருந்து எழக்கூடிய வினாக்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். திரைவழியாக எடை பார்க்க முடியுமா? நம் நாட்டுக் குடும்பங்களுக்கு இது ஒத்துவருமா? இது மேலைநாட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் நோயன்றோ? மூன்று வினாக்களும் அறிவியல் ஐயங்களாகவே முன்வைக்கப்படுகின்றன. முதல் வினாவுக்கு மதிப்பளித்தே விடை கூற வேண்டும். ஆயினும் மூன்றுக்கும் அடியில் ஒரே ஐயம்தான் ஒளிந்திருக்கிறது: பெற்றோரை நம்பி ஒரு நோயை ஒப்படைக்கலாமா என்பது. திரையைப் பற்றிய விவாதம் என்று நடப்பது பெரும்பாலும் பெற்றோரைப் பற்றிய விவாதமே. அதை வெளிப்படையாக நடத்துவது நன்று.

முதலில் நோயின் தன்மையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அனோரெக்சியா நெர்வோசா என்பது அழகு பற்றிய ஆசை எல்லை மீறியதால் விளைந்த பிடிவாதமன்று. பட்டினி நீள நீள இதயத்துடிப்பு குறைகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது, உடல் குளிர்கிறது, மாதவிடாய் நிற்கிறது, எலும்பின் அடர்த்தி குறைகிறது. சிந்தனையும் இறுகி, உணவைச் சுற்றியே சுழலத் தொடங்குகிறது. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்நோய் உற்றவர்களில் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஐவர் இறப்பதாகவும், அவ்விறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்றும் கணக்கிட்டது. மனநோய்களுள் இறப்பு வீதம் மிக உயர்ந்தவற்றுள் இதுவும் ஒன்று. இந்நோயில் காலம் என்பது வெறும் காத்திருப்புப் பட்டியலின் எண்ணன்று; அதுவே சிகிச்சையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

காலத்தின் இந்த முதன்மையை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வு லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் நடந்தது. ஜெரால்ட் ரஸல், கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர் முதலியோர் 1987இல் அதன் முடிவை வெளியிட்டனர். மருத்துவமனையில் எடை மீட்கப்பட்டு வீடு திரும்பிய 80 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் குடும்பச் சிகிச்சையும் மறு பகுதியினருக்குத் தனியாள் சிகிச்சையும் ஓராண்டு அளித்தனர். எல்லா வயதினருக்கும் குடும்பச் சிகிச்சை சிறந்ததாக அமையவில்லை. 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, தொடங்கி மூன்றாண்டுகளுக்குள் இருந்தவர்களிடம்தான் அதன் மேன்மை வெளிப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் பார்த்தபோதும் அப்பயன் நிலைத்திருந்தது. வளரிளம் பருவம், மூன்றாண்டுக்குள் என்னும் இவ்விரண்டு எல்லைகளையும் நினைவில் நிறுத்தினால், தொலைவில் உள்ள பிள்ளைக்குக் காணொளி வேண்டுமா என்னும் வினாவின் அவசரம் தானே விளங்கும்.

இந்தச் சிகிச்சை செய்வது என்ன? அதை நூல்முறையாக்கி, ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிராஞ்ச் ஆகியோர் மற்றவர்களுடன் இணைந்து எழுதிய கையேடு 2001இல் வெளிவந்தது. மூன்று கட்டங்கள். முதற்கட்டத்தில் உணவு பற்றிய எல்லா முடிவுகளையும் பெற்றோர் தம் கையில் எடுத்துக்கொள்கின்றனர்: என்ன, எவ்வளவு, எப்போது, யார் அருகில் அமர்வது என்று அவர்களே தீர்மானிக்கின்றனர். எடை மீண்ட பின், இரண்டாம் கட்டத்தில், அப்பொறுப்பு சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. மூன்றாம் கட்டத்தில் நோய் தடுத்து நிறுத்தியிருந்த பருவ வளர்ச்சியின் பணிகள் பேசப்படுகின்றன. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையில் ஏறத்தாழ 20 அமர்வுகள், தொடக்கத்தில் வாரந்தோறும். ஒவ்வோர் அமர்வும் எடை பார்ப்பதில் தொடங்கும். இரண்டாம் அமர்வில் குடும்பம் உணவு கொண்டுவந்து சிகிச்சையாளர் முன் உண்ணும். நோய் எதனால் வந்தது என்னும் வினாவில் சிகிச்சையாளர் எந்நிலையும் எடுப்பதில்லை. எவரையும் குற்றஞ்சாட்டுவதில்லை. நோய் வேறு, பிள்ளை வேறு என்று பிரித்துக் காட்டுவதே அவர் முதல் வேலை. இவ்வளவு கலோரி ஊட்டுங்கள் என்று அவர் பட்டியல் தருவதும் இல்லை. இப்பிள்ளையைப் பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் உண்பித்து வளர்த்தவர்களுக்கு அது தெரியும் என்னும் நம்பிக்கையின்மேல்தான் முழு முறையும் நிற்கிறது.

இந்த நம்பிக்கை எளிதில் வந்ததன்று. 1873இல் லண்டனில் வில்லியம் கல்லும் பாரிஸில் சார்ல் லசேக்கும் இந்நோயை விரித்தெழுதிய காலந்தொட்டே, குடும்பத்தின் இடம் ஐயத்துக்குரியதாகவே இருந்து வந்தது. உற்றாரும் நண்பரும் இத்தகைய நோயாளியைப் பேணத் தகாதவர் என்று கல் கருதினார். பாரிஸின் ஷார்கோ, பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிமைப்படுத்துவதையே சிகிச்சையின் முதற்படியாக்கினார். நூறாண்டு கழித்து அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சால்வடோர் மினூச்சின் குடும்பத்தை அறைக்குள் அழைத்தார். அவர்களோடு அமர்ந்து உணவும் உண்டார். ஆனால் குடும்பத்தின் உறவமைப்பிலேயே நோயின் வேர் இருப்பதாக அவர் கொண்ட கருத்து, பெற்றோர்மீது குற்றத்தின் நிழலை விழச்செய்தது. மாட்ஸ்லி குழுவினர் மினூச்சினிடம் கற்றனர். அந்நிழலை மட்டும் விலக்கினர். குடும்பம் நோயின் காரணம் என்பதை விட்டு, குடும்பம் நோயை வெல்லும் கருவி என்று எடுத்துக்கொண்டனர்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். இங்கே எழும் முதல் மறுப்பு, இந்நோய் இங்கில்லை என்பது. 1995இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். உணவு மறுப்பு, தொடர் வாந்தி, பெரும் எடையிழப்பு, மாதவிடாய் நிற்றல் எல்லாம் அவர்களிடம் இருந்தன. தம் உடலைப் பருத்ததாகக் காணும் மயக்கம் மட்டும் இல்லை. 2007இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த கட்டுரை, பிள்ளைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் சிகிச்சைப் பதிவேடுகளை ஆராய்ந்து, உண்ணல் கோளாறுடைய 41 பேரைக் கண்டது. பெரும்பாலோருக்கு உளவழி வாந்தி, சிலருக்கு அனோரெக்சியா. 2012இல் பெங்களூரு மனநல மருத்துவர்களிடையே நடந்த கணக்கெடுப்பில், விடையளித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் இத்தகைய நோயாளி ஒருவரையேனும் கண்டிருந்தனர். நோய் இங்கிருக்கிறது. நூலில் எழுதிய முகத்தோடு வராததால் அடையாளம் தெரியாமல் போகிறது.

அடையாளம் தெரியாமல் போவதற்கு நம் சூழலே உதவுகிறது. குருதியில் இரும்புச்சத்தின்றியும் போதிய ஊட்டமின்றியும் வளரும் பெண்பிள்ளைகள் மிகுந்த நாட்டில் மெலிவு என்பது கண்ணை உறுத்தும் செய்தியன்று. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21இல், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 18.7 விழுக்காட்டினர் இயல்புக்குக் குறைந்த உடல்நிறைக் குறியீடு உடையவர் என்றது. அந்தக் கூட்டத்தில், தானாகவே உண்ண மறுத்து மெலிபவளைப் பிரித்தறிவது யார்? வயிறு சரியில்லை என்று குடல்நோய் மருத்துவரிடம் போகிறாள், எண்டோஸ்கோபி எடுக்கப்படுகிறது, சத்து மாவும் பசியூக்கி மருந்தும் எழுதித் தரப்படுகின்றன. இடையில் நவராத்திரியும் ஏகாதசியும் வருகின்றன. விரதம் என்னும் சொல்லுக்குப் பின்னால் நோய் வசதியாக ஒதுங்கிக்கொள்கிறது. பக்தியுள்ள பிள்ளை என்று பாராட்டும் கிடைக்கிறது. மனநலத் துறையின் வாசலை அவள் எட்டுமுன் மூன்றாண்டு எல்லையில் பெரும்பகுதி கரைந்துவிடக் கூடும்.

எட்டிய பின்? இந்தியாவில் இலட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்னும் கணக்கு பலமுறை எடுத்தாளப்பட்டது. அவர்களுள் வளரிளம் பருவத்தினரின் உண்ணல் கோளாற்றில் பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலர். அவர்களும் சில பெருநகரங்களில் குவிந்திருக்கின்றனர். ஒடிசாவின் கோராப்புட்டில் உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பெங்களூரு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். வாரந்தோறும் ஓர் அமர்வு என்றால் வாரந்தோறும் தந்தையின் ஊதியம் சில நாள் போகும். தாய் மற்றப் பிள்ளைகளை விட்டு வர வேண்டும். நாடித்துடிப்பு குறைந்த பிள்ளையை இரயிலில் கொண்டுவர வேண்டும். வழியெல்லாம் உணவு வேளைகள் குலையும். இச்சிகிச்சையின் உயிரே ஒழுங்கான உணவு வேளைதான். அதைக் குலைத்துக்கொண்டு வந்து அதைப் பெறச் சொல்வது என்ன மருத்துவம்?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 18ஆம் பிரிவில், மனநல சேவைக்காக எவரும் நெடுந்தொலைவு பயணப்பட வேண்டிய நிலை இருத்தலாகாது என்றும், வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே அது கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் காணொளி ஆலோசனையை ஏற்கின்றன. அதே வழிகாட்டுதல்கள், நோயாளி சிறாரெனில், பெரியவர் ஒருவர் உடனிருந்தால்தான் ஆலோசனை நடத்தலாம் என்றும் விதிக்கின்றன. பல சிகிச்சைகளுக்கு இவ்விதி ஓர் இடையூறு. குடும்பம் சார்ந்த சிகிச்சைக்கோ இது நோக்கமே. சட்டம் கேட்பதையே சிகிச்சையும் கேட்கும் அரிய பொருத்தம் இது. நம் துறைகள் இதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

இனி முதல் வினா: திரையின் வழியே எடை பார்ப்பது எங்ஙனம்? திரையால் நாடி பிடிக்க இயலாது. நின்றால் இரத்த அழுத்தம் எவ்வளவு சரிகிறது என்று காண இயலாது. நெடும்பட்டினிக்குப் பின் உணவைத் திடீரெனக் கூட்டும்போது குருதியில் பாஸ்பேட் அளவு வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். அதைத் திரை காட்டாது. பகலில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் கீழ் இறங்கிய பிள்ளை, மயங்கி விழும் பிள்ளை, தண்ணீரும் மறுக்கும் பிள்ளை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுடைய பிள்ளை ஆகியோரின் இடம் மருத்துவமனை. இதில் விட்டுக்கொடுக்க ஏதுமில்லை.

ஆனால் இவ்வளவையும் செய்ய வேண்டியவர் உண்ணல் கோளாற்று வல்லுநர் என்று யார் சொன்னது? எடைக்கருவி, இரத்த அழுத்தக் கருவி, இதயமின்வரைவு, குருதிப் பரிசோதனை ஆகியவை மாவட்ட மருத்துவமனையில் உண்டு. அங்குள்ள குழந்தை மருத்துவர் வாரம் ஒருமுறை பிள்ளையை ஒரே கருவியில், ஒரே வேளையில், மெல்லிய உடையில் எடை பார்த்து, நாடியும் அழுத்தமும் குறித்து அனுப்பலாம். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட, 5 முதல் 18 வயது வரைக்குமான வளர்ச்சி வரைபடங்கள் அவர் மேசையில் இருக்கின்றன. கொரோனா காலத்தில், 2020இல், ஸ்டான்போர்டைச் சேர்ந்த சிகிச்சையாளர்கள் காணொளி அமர்வுகளுக்கென வழிகாட்டுதல் எழுதினர். பெற்றோரே வீட்டில் எடை பார்க்கும் ஏற்பாடும் அதில் இடம்பெற்றது. எடை பார்க்குமுன் பிள்ளை நீரை நிறையக் குடிக்கலாம், பையில் கனமானதை வைக்கலாம் என்பது உண்மை. மருத்துவமனையிலும் இவை நடக்கின்றன. ஏமாற்றுவது நோய் என்று அறிந்த பெற்றோர் அதைக் கண்டுபிடிப்பதில் செவிலியருக்குச் சளைத்தவரல்லர்.

சிகிச்சையாளரும் பிள்ளையும் ஓர் அறையில் இருந்தே தீர வேண்டுமா என்பதற்கு, காணொளியோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வே விடை தருகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் லெ கிராஞ்சும் குழுவினரும் நடத்தி 2016இல் வெளியிட்ட சமவாய்ப்பு ஆய்வு அது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான குடும்பச் சிகிச்சை. மற்றொரு பிரிவில் சிகிச்சையாளர் பெற்றோரை மட்டுமே சந்தித்தார். பிள்ளையைச் செவிலியர் ஒருவர் தனியே எடை பார்த்து, சற்று நேரம் பேசி அனுப்பினார். சிகிச்சை முடிவில் முழு நலம் பெற்றோர் முதற்பிரிவில் 22 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 43 விழுக்காடு. ஆறு மாதத்துக்குப் பின்னும் ஓராண்டுக்குப் பின்னும் பார்த்தபோது அவ்வேறுபாடு புள்ளியியல் முறையில் நிலைக்கவில்லை. ஆயினும் பாடம் தெளிவு: பிள்ளையை நேரில் பார்க்காத சிகிச்சையாளரின் வழிகாட்டலில் பிள்ளைகள் தேறினர். ஒருவர் எடை பார்க்க, மற்றொருவர் பெற்றோரை வழிநடத்தும் இந்த வேலைப்பிரிவினை கோராப்புட்டுக்கும் பெங்களூருவுக்கும் இடையே ஏன் இயலாது?

திரை இழப்பது பற்றியே பேசுகிறோம். திரை காட்டுவது பற்றிப் பேசுவதில்லை. மருத்துவமனை அறையில் நடக்கும் அந்த இரண்டாம் அமர்வை நினைத்துப் பார்க்க வேண்டும். டிபன் கேரியரில் கொண்டுவந்த உணவு, பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லோரும் ஒருசேர அமர்ந்து உண்ணும் காட்சி. இந்திய வீடுகளில் எத்தனையில் எல்லோரும் ஒருசேர அமர்ந்து உண்கிறார்கள்? ஆண்களுக்கும் சிறுவர்க்கும் முதலில் பரிமாறி, மாமியாருக்கும் இட்டு, மிஞ்சியதை அடுப்பங்கரையில் நின்றபடி தாய் உண்ணும் வீடுகள் எத்தனை? அத்தாயோடு கடைசிப் பந்தியில் அமரும் மகள், தன் தட்டைப் பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தைத்தான் அடைந்திருக்கிறாள். சிகிச்சை அறையில் நடத்தப்படும் விருந்தில் இது தெரியவே தெரியாது. சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்த கைபேசி இதை முதல் நாளே காட்டிவிடும். ரொட்டியில் நெய் தடவப்பட்டதா, பருப்பு எத்தனை கரண்டி, தட்டு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, தாத்தா எந்தக் கணத்தில் ‘போதும், அவளை விடுங்கள்’ என்கிறார் என்பதெல்லாம் சிகிச்சையாளர் கண்முன் நடக்கும். அந்தக் கணத்திலேயே அவர் பெற்றோரிடம் மெல்லச் சொல்லலாம்: எழுந்து போகாதீர்கள், இன்னும் ஒரு வாய்.

இவ்விடத்தில் பெண்ணியப் பார்வையிலிருந்து எழும் மறுப்பு ஒன்றுண்டு. எல்லா மறுப்புகளிலும் அதுவே வலியது. பெற்றோர் என்று சொல்லிவிட்டுச் சுமையெல்லாம் தாய் தலையில்தானே ஏற்றப்போகிறீர்கள்? ஒரு நாளைக்கு ஆறு வேளை உணவு, ஒவ்வொரு வேளையும் ஒரு மணிநேரப் போராட்டம், அழுகை, வசை, தட்டு பறத்தல். இத்தனைக்கும் வீட்டு வேலைகளும் குறையா. இம்மறுப்புக்கு முழு விடை இல்லை. ஆனால் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, கையேட்டின் கட்டளை தாய்க்கு மட்டும் உரியதன்று. வீட்டில் பேணுவோர் எல்லோரும் வந்தாக வேண்டும் என்று அது வற்புறுத்துகிறது. தாய் மட்டும் வரும் சிகிச்சை இச்சிகிச்சை ஆகாது. இரண்டு, விடுப்பு கிடைக்கவில்லை, வண்டி கிடைக்கவில்லை என்னும் தந்தையின் காரணங்களைக் காணொளி பறித்துவிடுகிறது. அலுவலகத்திலிருந்தோ வேற்றூர்ப் பணியிடத்திலிருந்தோ ஒரு மணிநேரம் அவர் திரைக்கு வரலாம். வர மறுத்தால், மறுப்பு மறுப்பாகவே தெரியும். தொலைவின் பெயரால் அதை மூட முடியாது. சுமையைப் பகிரச் செய்வது சிகிச்சையாளரின் பொறுப்பு. திரை அப்பொறுப்பிலிருந்து அவரை விடுவிப்பதில்லை.

காணொளி பொருந்தாத வீடுகளும் உண்டு. பிள்ளைக்கு அடியோ பாலியல் கொடுமையோ நேரும் வீட்டில் பெற்றோரிடம் கூடுதல் அதிகாரம் கொடுப்பது குற்றம். அங்கே வேறு சட்டங்களும் வேறு கடமைகளும் உண்டு. ஒற்றை அறை வீட்டில் பிள்ளை சிகிச்சையாளரிடம் தனித்துப் பேச இடமிராது. கடும் வசை நிறைந்த வீடுகளில் எல்லோரையும் ஒன்றாக அமர்த்துவதைவிடப் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே சந்திப்பது நல்லது என்பதை மாட்ஸ்லி குழுவினரே 2000இல் காட்டினர். மேலும், குடும்பநல ஆய்வின் அதே ஐந்தாம் சுற்றில், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு. கைபேசி கணவர் கையில் இருக்கும் வீட்டில் தாய்க்கு எட்டும் சிகிச்சை கணவர் வீடு திரும்பிய பின்தான் தொடங்கும். இவற்றை முன்கூட்டி விசாரித்தறியாமல் இணைப்பை மட்டும் அனுப்பிவைப்பவர் சிகிச்சை அளிப்பவராகார்.

சான்றுகள் போதுமா என்பது ஆய்வாளர்களின் வினா. போதாது. காணொளி வழிக் குடும்பச் சிகிச்சை பற்றி 2017இல் அமெரிக்காவிலிருந்து வந்த முன்னோடி ஆய்வில் பங்குகொண்டவர்கள் பத்துப் பிள்ளைகள். ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. எடை கூடியது, முறை நடைமுறைக்கு ஏற்றது என்பதே அதன் முடிவு. நேர்முகச் சிகிச்சையின் சான்றும் வரம்பற்ற வெற்றியைச் சொல்வதன்று: லாக்கும் குழுவினரும் 121 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் முழு நலம் பெற்றிருந்தவர்கள் 49 விழுக்காடு, தனியாள் சிகிச்சையில் 23 விழுக்காடு. இரு மடங்கு என்பது பெரிது. பாதிப்பேர் முழு நலம் எட்டவில்லை என்பதும் உண்மை. இவற்றை மறைத்துக் காணொளியை விற்பனைப் பொருளாக்குவோரை எதிர்க்க வேண்டும். உணவுப் பட்டியலும் ஊக்க மொழியும் மாதச் சந்தாவுக்குத் தரும் செயலிகள் இச்சிகிச்சையின் பெயரைச் சூடிக்கொள்ளும் நாள் தொலைவில் இல்லை.

ஆனால் சான்று போதாது என்று சொல்லும் இந்தியக் கல்வித்துறை அதைத் திரட்ட என்ன செய்தது? 1982இல் கனடாவில் சுருக்கி வெளியிடப்பட்ட 26 வினாக்கள் கொண்ட உண்ணல் மனப்பான்மை வினாத்தாளைக் கல்லூரி மாணவியரிடம் கொடுத்து, விழுக்காடு கண்டு, பட்டம் பெறுவது நம் ஆய்வு மரபாகிவிட்டது. எண்ணிக்கை எடுப்பதில் நாம் சோர்வதில்லை. எண்ணப்பட்ட பெண்ணுக்கு அடுத்த நாள் என்ன நேர்ந்தது என்னும் வினா ஆய்வேட்டின் கடைசிப் பத்தியில் பரிந்துரையாகச் சுருங்குகிறது. குடும்பச் சிகிச்சையை இந்தியிலோ தமிழிலோ வங்காளத்திலோ ஒடியாவிலோ நடத்தி, எடையும் நாடியும் குறித்து, ஓராண்டு பின்தொடர்ந்து எழுதும் ஆய்வுக்கு மூன்று நான்கு ஆண்டு உழைப்பு வேண்டும். வினாத்தாளுக்கு ஒரு பிற்பகல் போதும். வேறுபாடு அவ்வளவுதான். நேர்முகத்துக்குக் காணொளி இணையா என்று கேட்பதும் பாதி வினாவே. சிறுநகரத்துப் பிள்ளைக்கு எதிரில் இருக்கும் தேர்வு நேர்முகமா காணொளியா என்பதன்று. காணொளியா, சத்து மாவா என்பது.

குடும்பச் சிகிச்சையை மேலைநாட்டு இறக்குமதி என்று ஒதுக்குவோர் நம் வரலாற்றை மறந்து பேசுகின்றனர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்து, அவர்களைச் சிகிச்சையில் பங்காளிகளாக்கினார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையைத் தொடக்க காலத்திலேயே ஏற்றது. பெங்களூரில் நிமான்ஸ் குடும்ப உளமருத்துவத்துக்கெனத் தனி மையமே நிறுவியது. ஊழியர் பற்றாக்குறையால் பிறந்த ஏற்பாடுகள் இவை என்று சிலர் கூறுவர். பற்றாக்குறையில் பிறந்தாலும், குடும்பத்தை நம்பலாம் என்பதை அவை செய்து காட்டின. மாட்ஸ்லி ஆய்வு வெளிவருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே அந்நம்பிக்கை இருந்தது. இன்று அதே நாட்டின் மருத்துவமனைகளில் பெற்றோர் என்போர் சீட்டெடுக்கவும் மருந்து வாங்கவும் வராந்தாவில் காத்திருக்கவும் உரிய ‘அட்டெண்டர்’ ஆகிவிட்டனர்.

செய்ய வேண்டியவை பெரும்பொருட் செலவை வேண்டுவன அல்ல. மனநல முதுநிலைப் பட்டப் படிப்புகளிலும் மருத்துவ உளவியல் பயிற்சியிலும் இச்சிகிச்சை ஒரு பாடமாக, மேற்பார்வையோடு கூடிய பயிற்சியாக இடம்பெற வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவைக்கு 14416 என்னும் எண்ணும் பல மொழிகளில் பேசும் ஆலோசகர்களும் உள்ளனர். 2024இல் காணொளி வசதியும் சேர்ந்தது. வந்த அழைப்புகளின் எண்ணிக்கையை அறிக்கையாக வெளியிடுவதோடு நில்லாமல், உண்ண மறுக்கும் பிள்ளையைப் பற்றிய அழைப்பு வந்தால் அதே வாரத்தில் மாவட்டக் குழந்தை மருத்துவரிடம் எடையும் நாடியும் பார்க்கப்பட்டு, பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோடு குடும்பம் இணைக்கப்படும் வழியை அச்சேவை வகுக்க வேண்டும். ஆய்வு மாணவர்கள், தம் வினாத்தாளில் கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும் அவ்வழியைக் காட்டும் கடமையை ஆய்வு நெறிமுறையின் பகுதியாகக் கொள்ள வேண்டும்.

அமிர்தசரஸில் குடும்பங்கள் கூடாரம் சுமந்து மருத்துவமனைக்கு வந்தன. இன்று மருத்துவமனை அவர்கள் சமையலறைக்குப் போக முடியும். கைபேசியைச் சாய்த்து வைக்க ஒரு சுவரும், வாரம் ஒரு மணிநேரம் ஒதுக்கும் ஒரு சிகிச்சையாளரும், அருகில் ஒரு நல்ல எடைக்கருவியும் போதும். சுவர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. எடைக்கருவி மாவட்டத்தில் இருக்கிறது. சிகிச்சையாளரைப் பயிற்றுவிக்க வேண்டியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் துறையினர்தாம்.